கழற்றுவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள்: பழைய அம்பாசிடரில் கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். காலையில் இறங்கும் பச்சைத் தேயிலையின் எடை, மழை நாளில் ஈரத்துக்காகக் கழித்தது, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று நாள் முழுவதும் கட்டங்களுக்குள் எண்கள். மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது. கணவர் விட்டுப்போன 1986ஆம் ஆண்டு மார்க் 4 அம்பாசிடரை ஓட்டத் தெரியும்; அது சத்தம் போட்டால் அதை எழுதி வைக்கத் தெரியும். இந்த இரண்டாவது பழக்கம் ஒரு முறை எனக்குப் பெருந்தொகையை மிச்சப்படுத்தியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அரவேணு தாண்டியதும் பின்பக்கத்தில் கரகரவென்று ஒரு சத்தம். ஆட்டுக்கல்லில் உளுந்தோடு ஒரு பொடிக்கல்லும் விழுந்துவிட்டால் வருமே, அதே மாதிரி. கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஒரு தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘கிரௌன் பினியன் போய்விட்டது, ஹவுசிங்கை இறக்க வேண்டும்’ என்றார்கள். (பின் அச்சின் நடுவே விசையைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் பற்சக்கர ஜோடிதான் கிரௌன் பினியன்; அதை மூடியிருக்கும் இரும்புக் கூடு ஹவுசிங்.) ‘அப்படியானால் வலது வளைவில் மட்டும் சத்தம் ஏன் கூடுகிறது?’ என்று கேட்டேன். ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் அம்மா’ என்றார் அங்கிருந்தவர். கணக்கில் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று ஒரு தலைப்பு கிடையாது. ஐம்பது பைசா உதைத்தாலும் எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்துத்தான் ஏட்டை மூட வேண்டும். வண்டியைத் திருப்பி, மெதுவாக மலையேறி வந்துவிட்டேன். (அப்படி ஏறியது சரியில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

முதலில் விசை போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ். அங்கிருந்து வண்டியின் அடியில் நீளமாகப் பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் இரு முனைகளிலும் பட்டறைக்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் இணைப்புகள். பிறகு ஹவுசிங், அதற்குள் கிரௌன் பினியன். அதிலிருந்து இரு பக்கமும் ஆக்சில், ஹப் பால்ரஸ் (சக்கரத்தின் நடுக்குடம் ஹப்; அது உராயாமல் சுற்ற உதவும் குண்டு பேரிங் பால்ரஸ்), சக்கரம். இதில் கியர்பாக்ஸின் முன்பகுதி வரை உள்ளவை இன்ஜினின் வேகத்தில் சுற்றுகின்றன. அதற்குப் பின்னால் உள்ளவை அனைத்தும் சக்கரத்தின் வேகத்துக்குக் கட்டுப்பட்டவை. பாதி விடை இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

எப்படிச் சோதிப்பது? ஓரளவு சமமான சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரில் ஓட்டிக் கேளுங்கள். அதே வேகத்தில் டாப் கியருக்கு, அதாவது நான்காம் கியருக்கு, மாற்றிக் கேளுங்கள். இன்ஜின் சுற்று குறைந்தும் கரகரப்பின் சுருதி மாறவில்லை என்றால் குற்றவாளி கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறான். இன்ஜினோடு சேர்ந்து சத்தமும் இறங்கினால் முன்பக்கம் தேடுங்கள்.

வண்டியை எடுப்பதற்கு முன் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர் பை, ஸ்டெப்னியின் தளர்ந்த திருகு, தண்ணீர்க் குடம் எல்லாம் வெளியே. சிரிக்காதீர்கள், சென்ற ஆண்டு ஒரு வாரம் முழுவதும் நான் எழுதி வைத்த ஒரு சத்தம் கடைசியில் டிபன் கேரியராக முடிந்தது.

இன்ஜினை ஓடவிட்டு நியூட்ரலில் நின்றுகொண்டே பார்க்க வேண்டியவை மூன்று. கிளட்சை மிதிக்காதபோது உறுமல் கேட்டு, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் முன் பால்ரஸ் தேய்ந்திருக்கலாம். மிதித்ததும் உள்ளே சுற்றுவது நின்றுவிடுகிறது அல்லவா, அதனால்தான் அடங்குகிறது. இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் உரசினால் கிளட்ச் ரிலீஸ் பேரிங், அதாவது பெடலை மிதித்ததும் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங். மலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரமே போகும், ஏனென்றால் நமக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஏற்றத்தில் முன்னால் பஸ் நின்றால் ஹேண்ட்பிரேக் போடாமல் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்போம். மூன்றாவது, கிளட்சை முழுதாக மிதித்து நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் பல் பல்லோடு அரைத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் பெடல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய அம்பாசிடர் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ், அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளைய ஏற்பாடு, கிடையாது. வண்டி உருளும்போதே முதல் கியரைத் திணித்தால் அரைக்கத்தான் செய்யும். அது ஓட்டுபவரின் நோய்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வேகம், கியர், ஆக்சிலேட்டரில் கால் இருந்ததா எடுத்ததா, ஏற்றமா இறக்கமா, வளைவு எந்தப் பக்கம், பிரேக் பிடித்ததா, வண்டி குளிர்ந்திருந்ததா சூடேறியிருந்ததா. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 0 முதல் 3 வரை ஒரு மதிப்பெண்: கேட்கவில்லை, லேசாக, தெளிவாக, பேச்சை நிறுத்தும் அளவுக்கு. ஓட்டிக்கொண்டே எழுதாதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். அவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பது நல்லது. எனக்கு எழுதிக் கொடுத்தது பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பின்சீட்டில் இடது ஓரமாக உட்கார்ந்தவள், ‘பாட்டி, சத்தம் காதுக்கு வரவில்லை, உள்ளங்காலுக்கு வருகிறது’ என்றாள். கிரௌன் பினியன் என்ற பெயரையே கேள்விப்படாதவள் என்பதால் அவள் காது யாருடைய தீர்ப்பையும் சுமக்கவில்லை. பிறகு வலது ஓரத்துக்கு நகர்ந்து உட்காரச் சொன்னேன். ‘இங்கே குறைவு’ என்றாள்.

மலைச்சாலை வண்டிக்குக் கஷ்டம் என்பார்கள். நோய் கண்டுபிடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போய்த் திரும்பினால் ஏற்றம், இறக்கம், நீள வளைவு, குறுகல் வளைவு எல்லாம் கிடைத்துவிடும். ஏற்றத்தில் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. அப்போது கிரௌன் பற்களின் ஒரு முகம் சுமையைத் தாங்குகிறது. இரண்டாம் கியரில் காலை எடுத்து இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. பற்களின் மறுமுகம் தாங்குகிறது. சத்தம் இந்த இரண்டில் ஒன்றில் மட்டும் வந்து, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் விட்டதும் குணம் மாறினால் கிரௌன் பினியன் மீது சந்தேகப்படலாம். அது பெரும்பாலும் கரகரக்காது, ஊளையிடும். காலை எடுத்தால்தான் உறுமுகிறது என்றால் பினியன் பால்ரஸ் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் இருந்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி என்றால் பற்களை விட்டுவிட்டு மற்ற பால்ரஸ்களைத் தேடுங்கள்.

முதல் மூன்று கியரிலும் உறுமி, டாப்பில் மட்டும் அமைதியானால் அது கியர்பாக்ஸின் அடித்தண்டு, அதாவது லேஷாஃப்ட். டாப் கியரில் விசை நேராகப் போய்விடுவதால் அந்தத் தண்டின் மேல் சுமை விழுவதில்லை.

வளைவுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வழக்கு அங்கேதான் முடிந்தது. வலது பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடது சக்கரங்களுக்குப் போகிறது. ஆகவே வலது வளைவில் கூடி இடது வளைவில் குறையும் கரகரப்பு இடது ஹப் பால்ரஸைக் காட்டுகிறது. ஆனால் இதை எல்லா வளைவிலும் சோதிக்க முடியாது. கொண்டை ஊசி வளைவில் நாம் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறோம். பாரம் அவ்வளவாகச் சாய்வதில்லை, பால்ரஸும் சத்தம் போடும் அளவுக்குச் சுற்றுவதில்லை. அங்கே வேறொன்று தெரியும்: உள் சக்கரத்துக்கும் வெளிச் சக்கரத்துக்கும் வேக வித்தியாசம் அங்கேதான் மிக அதிகம், அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பவை டிஃபரென்ஷியலின் சிறு பற்சக்கரங்கள். நேர்ச்சாலையில் வாய் திறக்காமல், கொண்டை ஊசியில் மட்டும் இரண்டு பக்கமும் கடகடத்தால் அவற்றைப் பாருங்கள். ஹப்பைச் சோதிக்க 40 கிலோமீட்டர் வேகத்தில் சாவகாசமாகச் சுற்றும் நீள வளைவு வேண்டும். என் நோட்டில் நீள வலது வளைவுகளுக்கு எதிரே எல்லாம் 3. இடது வளைவுகளுக்கு 1 அல்லது 0. கொண்டை ஊசிகளில் 0. ஏற்றத்திலும் இறக்கத்திலும் மாற்றமில்லை. இரண்டு பக்கம் எழுதி முடித்தபோது யாரும் எதையும் கழற்றியிருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சத்தம் இன்ஜினிலிருந்து வருகிறதா என்று பார்க்க ஓடும்போது நியூட்ரலில் போடச் சொல்வார்கள். சமவெளியில், மேட்டுப்பாளையத்துக்குக் கீழே காரமடைச் சாலையில் செய்துகொள்ளுங்கள். மலை இறக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். இந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இன்ஜின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறி அது கைவிட்டுவிடும். அதேபோல், நின்று வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்கக் குஞ்சப்பனைப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பலாப்பழக் காலத்தில் அங்கே யானைகள் சாலைக்கே வரும்.

மெதுவாகப் போகும்போதே தாளம் போடும் சத்தமாக இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, நடை வேகத்தில் ஓட்டி, ஒருவரைப் பக்கத்தில் நடக்கச் சொல்லுங்கள். இந்த டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு மீட்டர் போகும். கோடு ஒரு முறை வரும்போது சத்தமும் ஒரு முறை வந்தால் அது சக்கரத்தையோ டிரம்மையோ சேர்ந்தது. ஒரு சுற்றுக்கு நான்கைந்து முறை வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஏனென்றால் சக்கரம் ஒரு முறை சுற்ற அது நான்கு முறைக்கு மேல் சுற்றுகிறது. கிராஸ் தேய்ந்திருந்தால் வண்டியை நகர்த்தும் கணத்தில் ‘டக்’ என்று ஒரு அடி கேட்கும். ஊரும்போது கிளிக்குஞ்சு போலக் கீச்சிடும். வண்டி அசையாதபடி சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை நிறுத்தி, ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கிராஸின் மூடிகளைச் சுற்றிச் செம்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் துருப்பிடித்துவிட்டன என்று பொருள்.

ஏமாற்றும் சத்தங்களையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் பிடிக்கும்போது மட்டும் அரைத்தால் லைனிங் தேய்ந்து ரிவெட் டிரம்மில் உரசுகிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். டிரம்முக்கும் தகட்டுக்கும் நடுவே ஜல்லி மாட்டிக்கொள்வதுண்டு. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்தால் ஏற்றத்தில் இன்ஜின் சாய்ந்து சைலன்சர் குழாய் எங்காவது இடிக்கும். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் பால்ரஸ் போலவே முனகும், ஆனால் புதுத் தார்ச்சாலையிலும் பழைய சாலையிலும் குரல் மாறும். பால்ரஸுக்குச் சாலை எதுவானாலும் ஒன்றுதான். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது ஸ்பீடோமீட்டர் கேபிள். காய்ந்துபோனால் அது வேகத்தோடு சேர்ந்து கரகரக்கும், முன்பக்கமிருந்து வரும், கியர்பாக்ஸே போய்விட்டது என்று நம்ப வைக்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் அதைக் கழற்றிவிட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் தெரிந்துவிடும்.

தலைகுந்தா பக்கம் உறைபனி படியும் ஜனவரிக் காலைகளில் சோதித்துவிட்டு ‘சத்தம் போய்விட்டது’ என்று மகிழாதீர்கள். குளிரில் கெட்டியான கியர் ஆயில் தேய்ந்த பால்ரஸின் வாயை அடைத்து வைக்கும். இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பிறகுதான் அது உண்மையைப் பேசும்.

அந்தச் சூட்டையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அதிகம் பிரேக் பிடிக்காமல் ஏற்றம் ஏறி நிறுத்தியதும் நான்கு ஹப்புகளுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பால்ரஸ் போகிறது அல்லது பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. இறக்கம் முடித்து இதைச் செய்தால் பயனில்லை, நான்குமே கொதிக்கும்.

இனி ஜாக்கி. கோத்தகிரியில் சமதளம் கிடைப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பதைவிடக் கடினம். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை முற்றத்தைக் கேட்டு வாங்கினோம். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது, சோதனைக்காக அதை விடுவித்துவிடுவோம், ஆகவே வண்டியைக் காப்பது அந்தக் கட்டைகள் மட்டுமே. ஜாக்கியை நம்பி அடியில் கையோ தலையோ நீட்டக் கூடாது. ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தாக வேண்டும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு இன்ஜினை ஓட்டிக் கியர் போடவே போடாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரம் பிடித்துக்கொண்டால் வண்டி ஸ்டாண்டிலிருந்து குதித்துவிடும்.

எங்கள் பட்டறைத் தம்பி கியரை நியூட்ரலில் வைத்து முதலில் வலது சக்கரத்தைத் தூக்கினார். ‘அக்கா, உள்பக்கம் பிரேக் தகட்டில் உள்ளங்கையை வையுங்கள்’ என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். ஒன்றும் தெரியவில்லை, எண்ணெயில் விரல் வழுக்குவது போல ஓடியது. பிறகு இடது சக்கரம். இப்போது உள்ளங்கைக்குள் மணலை வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தது போன்ற நறநறப்பு. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக. டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது லேசாக ‘டொக்’. நீண்ட திருப்புளியின் முனையை ஹப்புக்கு அருகே வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்கச் சொன்னார். மாவு மில்லுக்குள் தலையை விட்டது போல இருந்தது.

அன்று மாலையே பால்ரஸ் வெளியே வந்தது. துடைத்துக் கையில் கொடுத்தார். உள்வளையத்தின் ஓடுதடத்தில் அம்மைத் தழும்பு போல ஐந்தாறு பள்ளங்கள். ஒன்றில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி. கிரௌன் பினியனை யாரும் தொடவில்லை. பால்ரஸ், ஆயில் சீல், ஒரு மாலை நேரக் கூலி, அவ்வளவுதான் செலவு.

சத்தம் ஹப்பில் இல்லை, ஹவுசிங்கிலோ கியர்பாக்ஸிலோ என்று உங்கள் நோட்டு சொன்னால், திறப்பதற்கு முன் ஆயிலைக் கேளுங்கள். சூடாக இருக்கும்போது கொஞ்சம் வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். வடிகால் திருகில் சாம்பல் போல மென்மையான கரும்பசை ஒட்டியிருப்பது வயதான வண்டியில் இயல்பு. விரலிடுக்கில் குத்தும் சில்லுகள், செதில்கள் இருந்தால் பல்லோ பால்ரஸோ உடைகிறது. கியர்பாக்ஸ் ஆயிலில் பித்தளை நிறத்தில் மின்னினால் சின்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம் ஊர் மழையில் இது அடிக்கடி நடக்கும்: ஏறி வந்து சூடான ஹவுசிங் வெள்ளம் ஓடும் சாலையில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, மூச்சுத் துளை வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ நீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த மூச்சுத் துளை சேற்றில் அடைத்திருந்தால் நேர்மாறாக நடக்கும்: உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனிங்கில் கசியும். ஹவுசிங்குக்கு ஈ.பி. வகை (கடும் அழுத்தத்தைத் தாங்கும்) ஆயில்தான் ஊற்ற வேண்டும். கியர்பாக்ஸுக்கு எது என்று வண்டியின் கையேட்டைப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே டின் என்று முடிவு செய்யாதீர்கள்.

எப்போது வண்டியை அசைக்கவே கூடாது? கரகரப்போடு சக்கரம் ஆடினால், ஹப்பிலிருந்து கருகல் வாடை வந்தால், ஆயில் சில்லோடு வந்தால், அல்லது சத்தம் ஒரே நாளில் இரண்டு மடங்கானால். நான் அன்று மலையேறியபோது ஹப் எவ்வளவு சூடாக இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. பால்ரஸ் அப்படியே இறுகிப் பிடித்திருந்தால், வளைவு நடுவே பின் சக்கரம் நின்றிருக்கும். அந்த நிலையில் கயிறு கட்டி இழுப்பதும் உதவாது, சக்கரம் சுற்றத்தானே வேண்டும். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது ‘என்னவோ சத்தம் வருகிறது’ என்று சொல்லாதீர்கள். நோட்டை நீட்டுங்கள். ‘30 கிலோமீட்டரில் தொடங்குகிறது, கியர் மாற்றினாலும் மாறவில்லை, நீள வலது வளைவில் கூடுகிறது’ என்று சொன்னால் நல்ல மெக்கானிக் நேராக இடது ஹப்புக்குப் போவார். கழற்றிய பழைய உருப்படியைக் கையில் வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் அதே சாலையில், அதே ஆளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, அதே கட்டங்களை மறுபடி நிரப்புங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு அந்தச் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஹப் நட்டை இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.